எண்ணூருக்குப் போகும் வழியில்

சென்னை மாநகரின் வடபகுதியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் புகையையும் தூசியையும் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளையும் பற்றியே பேசுகின்றனர். இராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை நீளும் கடலோரச் சாலை கண்ணுக்கு இனிய சாலை அன்று. சுற்றுலாப் பயணிகள் எவரும் அதைத் தேடி வருவதில்லை. ஆயினும் தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியே மெல்ல நடந்து பார்ப்பவருக்கு, அது ஒரு பெரிய கணக்குப் புத்தகமாகத் தோன்றும். அங்கே நிறுக்கிறார்கள், அளக்கிறார்கள், பங்கிடுகிறார்கள், கடன் வாங்குகிறார்கள், நாள் எண்ணுகிறார்கள். எண் இல்லாத இடம் அந்தச் சாலையில் ஒரு முழம்கூட இல்லை.

எண்ணூர் என்னும் பெயரின் வரலாறு எதுவாயினும் ஆகுக; காதுக்கு அது எண்ணின் ஊராகவே ஒலிக்கிறது. ஓர் எழுத்தை மாற்றி 'எண்ணூறு' என்று எழுதிவிட்டால் எட்டு நூறாகிவிடும். இந்தச் சிறு வேறுபாட்டில் இடறி விழும் பிள்ளைகள் உண்டு. அப்படி விழும் பிள்ளையைப் பார்த்து, "இவனுக்குக் கணக்கு வராது" என்று நாம் எளிதில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவனுக்கு வராமற்போனது கணக்கா, அல்லது கணக்கின் சொல்லா? இந்தக் கேள்வியோடுதான் வாசக அன்பர்களை இந்தச் சாலைவழியே அழைத்துச் செல்ல விரும்புகிறேன். இப்போது பள்ளிகளுக்குள் கைக்கணினியும் ஒளித்திரையும் வந்துவிட்ட காலம். கணக்குச் சொற்களைப் படத்தோடும் குரலோடும் அவை கற்பிக்கின்றன. அவற்றால் விளையும் நன்மை எது, எட்டாத இடம் எது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது நலம்.

கூறும் பங்கும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை தொடங்கிய இடம் இராயபுரம். 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா ரோடு வரை இரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பழைய நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஊருக்குப் பெயர் தந்தவர் புனித இராயப்பர் என்பர். படகோட்டிகளும் மீனவரும் எழுப்பிய அவரது ஆலயத்தைக் கடந்து சிறிது வடக்கே சென்றால், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் வாடையும் ஓசையும் நம்மை எதிர்கொள்ளும்.

விடியற்காலையில் அங்கே நடக்கும் ஏலத்தை ஒருமுறையேனும் பார்க்கவேண்டும். எழுதுகோல் இல்லை, தாள் இல்லை. விலை ஏறுகிறது, கண் இமைக்கும் நேரத்தில் கூடை கைமாறுகிறது. ஒரு கூடை மீனை 1,800 ரூபாய்க்கு எடுக்கும் பெண்மணி, அதைப் பன்னிரண்டு கூறாகப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூறு ஒன்று 200 ரூபாய் எனில் 2,400 வரும். பனிக்கட்டிக்கும் ஆட்டோவுக்கும் 250 போனால், கையில் நிற்பது 350. இதை அவர் எழுதிக் கணக்கிடுவதில்லை. பக்கத்தில் நின்று மீதிச் சில்லறை கொடுக்கும் மூன்றாம் வகுப்புச் சிறுமியும் எழுதுவதில்லை. ஆயினும் ஒரு ரூபாய் பிசகுவதில்லை.

அதே சிறுமி வகுப்பறையில், "2,400-லிருந்து 1,800-ஐக் கழிக்க" என்று எழுதியிருக்கும் பலகைக்கு முன்னால் வாயடைத்து நிற்பதைப் பார்க்கிறோம். கடற்கரையில் கூறு போடுகிறவளுக்குப் பள்ளியில் 'பின்னம்' புரியவில்லை. படகுக்காரருக்கு எத்தனை பங்கு, உடன் சென்ற தொழிலாளருக்கு எத்தனை பங்கு என்று வீட்டுத் திண்ணையில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவனுக்கு, 'தொகுதி', 'பகுதி' என்னும் சொற்கள் வேற்று நாட்டார் பேச்சுப்போல் இருக்கின்றன. இன்னும் சில ஆண்டுகள் கழித்து 'அடக்க விலை' என்னும் சொல் பாடத்தில் வரும். நம் பிள்ளைகள் அறிந்த அடக்கம் கல்லறைத் தோட்டத்தில் நடப்பது. மீனுக்கு எதற்கு அடக்கம் என்று ஒரு பிள்ளை திகைத்தால், அதை அறிவின்மை என்று சொல்லலாமா?

நாள் கணக்கையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 61 நாள். இந்த எண் காசிமேட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அந்த நாட்களில் அடுப்பு எப்படி எரியும் என்பது அதைப் பொறுத்தது. ஏப்ரலில் 16, மேயில் 31, ஜூனில் 14 என்று கூட்டினால் 61 வரும். முப்பதிலிருந்து பதினைந்தைக் கழித்துவிட்டு ஏப்ரலுக்குப் 15 என்று எழுதும் பிள்ளைக்கு 60 தான் வரும். முதல் நாளும் 'உட்பட' என்னும் ஒரு சொல்லில் அந்த ஒரு நாள் ஒளிந்திருக்கிறது. கணக்கில் சொல்லின் எடை இத்தகையது.

ஒரே துடைப்பம், இரண்டு சொற்கள்

இந்தக் கடலோரக் குடியிருப்புகளுள் ஒன்றில் நடைபெறும் மாலை வகுப்பை அண்மையில் காண நேர்ந்தது. ஓர் ஆசிரியை கணக்குச் சொற்கள் நாற்பதைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் படமும் குரலும் சேர்த்து, கைக்கணினியில் ஏற்றி வைத்திருந்தார். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சமம், வேறுபாடு, இடமதிப்பு, விட்டம் என்று அப்பட்டியல் போயிற்று. சொல்லைத் தொட்டால் குரல் ஒலிக்கும். அடுத்து நான்கு படங்கள் தோன்றும். உரிய படத்தைத் தொட்டால் மணி ஒலிக்கும். இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைச் சோதித்துப் பார்ப்பதே அவரது நோக்கம்.

பிள்ளைகளின் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒலிப்பானை அழுத்தியபோதெல்லாம் கைக்கணினியின் குரல் அமிழ்ந்துபோயிற்று. ஆனாலும் படங்களை விரைவாகவே தொட்டனர். மணி ஓயாமல் ஒலித்தது. பார்ப்பவருக்குச் சோதனை முழு வெற்றி என்றே தோன்றும். ஆசிரியை அத்துடன் நிறுத்தவில்லை. கைக்கணினியை மூடி மடிமேல் வைத்துக்கொண்டு கேட்டார்:

"பெருக்கு என்றால் என்ன?"

"தொடப்பம் எடுத்து வீட்டைப் பெருக்குறது டீச்சர்."

"சரி, கூட்டு என்றால்?"

"அதுவும் அதேதான் டீச்சர்!"

வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் எண்ணிப் பார்த்தால், பிள்ளை சொன்னதில் பிழை ஏதும் இல்லை. வீட்டைக் கூட்டுகிறோம், வீட்டைப் பெருக்குகிறோம். தமிழில் ஒரே துடைப்பத்துக்கு இரண்டு வினைகள். பள்ளியிலோ அவை இரண்டும் வெவ்வேறு செயல்கள். 'கழித்தல்' என்றதும் பின்வரிசையில் இருந்த சிறுவர்கள் வாய்பொத்திச் சிரித்ததன் காரணத்தையும் விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியை அந்தச் சிரிப்பையே பாடமாக்கிக்கொண்டார். "வீட்டைக் கூட்டும்போது குப்பையை என்ன செய்கிறாய்?" என்று கேட்டார். "ஒரே எடத்துல சேக்குறேன்" என்றாள் சிறுமி. "அதுதான் கூட்டல். அங்கங்கே கிடப்பதை ஓரிடத்தில் சேர்ப்பது" என்றார். பெருக்கலுக்கு ஆடிப்பெருக்கை நினைவூட்டினார். நீர் பெருகுவதுபோல், நான்கு நான்காக, ஐந்து ஐந்தாக எண் பெருகுகிறது என்றார். வகுத்தலுக்குத் தலை வகிட்டைத் தொட்டுக் காட்டினார். சொல்லுக்கு வேர் உண்டு, அந்த வேர் தம் வீட்டு மண்ணில்தான் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அப்போதுதான் உணர்ந்தனர்.

அடுத்த கேள்வி, "எட்டுக்கும் ஐந்துக்கும் உள்ள வேறுபாடு என்ன?" ஒரு சிறுவன் எழுந்து, "எட்டு ரெட்டப்படை, அஞ்சு ஒத்தப்படை" என்றான். வேறுபாடு என்ன என்று கேட்டதற்கு வேறுபாட்டைத்தானே சொன்னான்! அவனைத் தவறு என்று உட்காரவைக்காமல், ஆசிரியை பூக்கட்டும் நூலில் எட்டு முழம் ஒன்றும் ஐந்து முழம் ஒன்றும் அளந்து தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினார். "எது நீளம்? எவ்வளவு நீளம்?" என்றார். "மூணு முழம் கூட" என்றது வகுப்பு. "அந்த மூன்று முழத்துக்குத்தான் கணக்கில் வேறுபாடு என்று பெயர்" என்றார்.

அன்றிரவே அவர் தம் சொற்பட்டியலைத் திருத்தத் தொடங்கினார் என்று பின்னர் அறிந்தேன். கூட்டலுக்கு வைத்திருந்த ஆப்பிள் படங்களை எடுத்துவிட்டு, நெத்திலியும் சங்கராவும் வைத்தார். ஏட்டுக் குரலுக்கு அடுத்து, பிள்ளைகள் தம் சொந்தப் பேச்சில் சொன்ன விளக்கத்தை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து சேர்த்தார். ஒரு வாரம் சென்றபின், கைக்கணினி இல்லாமல், தெருமுனைக் கடையில் நின்றுகொண்டு அதே சொற்களைக் கேட்டார். வேறுபாடு நிலைத்திருந்தது; பெருக்கல் நிலைத்திருந்தது. இடமதிப்பு நிலைக்கவில்லை. தொள்ளாயிரத்து ஒன்பதை எழுதச் சொன்னால், 900 என்று எழுதி அதன் பக்கத்தில் 9 போட்டு, 9009 என்று நீட்டினர். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்னும் நம் எண்ணுப்பெயர்களே அங்கே பிள்ளைகளைச் சற்றுத் திகைக்க வைக்கின்றன. ஆகவே தீக்குச்சிகளைப் பத்துப்பத்தாகக் கட்டி, கட்டுகளைப் பத்துப்பத்தாக அடுக்கும் வேலை தொடங்கியது. அது திரையில் நடக்கும் வேலை அன்று. விரலால் நடக்கும் வேலை.

உலகின் பிற ஊர்களில்

நம் பிள்ளைகளின் இந்த நிலை நமக்கு மட்டும் உரியதன்று. பிரேசில் நாட்டு இரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து சிறுவர்களை ஆராய்ந்து, தெரெசினா நூனெஸ், டேவிட் கராகர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவரும் 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வியாபாரத்தின் நடுவே கேட்கப்பட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 விழுக்காடு சரியாக இருந்தன. அதே வகைக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது, சரியானவை ஏறக்குறைய 37 விழுக்காடாகக் குறைந்தன. கதைபோல் சொற்களில் கொடுத்தபோது 74 விழுக்காடு. பிள்ளை அதே பிள்ளை. மாறியது கேள்வியின் உடை.

நம் நாட்டிலும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ முதலானோர் கொல்கத்தா, தில்லி நகரச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைச் சோதித்து, 2025-இல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். சந்தைப் பிள்ளைகள் கடினமான விற்பனைக் கணக்கையும் மனத்தாலேயே போட்டனர். பள்ளிப் புத்தகக் கணக்கில் தடுமாறினர். சந்தை அனுபவம் இல்லாத பள்ளிப் பிள்ளைகளோ புத்தகக் கணக்கில் தேறினர். சந்தைக் கணக்கில் தடுமாறினர். இரண்டு கரைகள்; நடுவே பாலம் இல்லை. பாலத்தின் முதற்கல் சொல் என்பது என் துணிபு.

மணலும் திரையும்

புதிய கற்பிக்கும் கருவியைச் சோதித்துப் பார்ப்பது சென்னைக்குப் புதிதன்று. 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர், இவ்வூர்த் திண்ணைப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் கையாண்டார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அதனுடன் சேர்த்தார். 1797-இல் தம் சோதனையைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரில் அது கடல் கடந்து பரவியது. நம் தெருப்பள்ளியின் மணல், வெளிநாட்டார் வியந்த கருவியாயிற்று. மணலுக்கு விலை இல்லை. அதன் பயன் விரலும் நாவும் ஒருங்கே இயங்கியதில் இருந்தது.

இன்றைய திரையின் வரலாறும் நீண்டதே. 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கட்டங்கள் நிறைந்த சிறு குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியைக் காட்டினால் பாடத்தின் படக்காட்சி திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1 வரை வகுப்பறையைக் காணவில்லை. வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் தந்தையோடு கடலுக்கோ வேலைக்கோ போய்விடும் என்னும் நிலையில், நம் பகுதிப் பிள்ளைகள் பலருக்கு அந்த மாதங்கள் வெறுமையாகவே கழிந்தன.

அந்த இழப்பை ஈடு செய்ய 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் மாலை வேளையில் சிறு குழுக்களுக்குக் கற்பித்தனர். ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் கார்த்திக் முரளிதரன் முதலான ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அம்மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கூறிற்று. பக்கத்து வீட்டு அக்காளின் குரலுக்கு இருந்த ஆற்றல் அது.

அடுத்து, இந்த வட்டாரத்திலிருந்து வெகுதொலைவில் இல்லாத திருவள்ளூர் மாவட்ட அழிஞ்சிவாக்கத்தில், 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கிற்று. ஒளவையின் வாக்கை நினைவூட்டும் பெயர். முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, பின்னர் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பிள்ளைகளை அவர்கள் நிற்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என வகைப்படுத்தி, ஆடலும் பாடலும் பொருள்களும் கொண்டு கற்பிப்பது அதன் முறை. பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்பதை ஆசிரியர் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்வார். 2024-இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகளும், பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகளும் வழங்கும் பணி தொடங்கியது.

கருவி வந்துவிட்டது. மணலுக்குப் பின்னால் நின்ற விரலும் நாவும் திரைக்குப் பின்னாலும் நிற்கின்றனவா என்பதே இனி நாம் கேட்கவேண்டிய கேள்வி.

மாவும் வேலியும்

காசிமேட்டிலிருந்து வடக்கே சென்றால் திருவொற்றியூர். 2021 பிப்ரவரி முதல் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை வருகிறது. பழைய தீப்பெட்டி ஆலையின் பெயர் அது. தியாகராஜர் திருக்கோவிலில் சோழர் காலத்தில் இலக்கணம் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருந்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. சொல்லை ஆராய்வதற்கு இடம் ஒதுக்கிய ஊர் இது.

சோழர் கல்வெட்டுகளில் நிலத்தை வேலி, மா, குழி என்று அளந்தனர். இருபது மா ஒரு வேலி. ஆகவே இருபதில் ஒரு பங்குக்கும் மா என்றே பெயர். பதினாறில் ஒன்று வீசம், மாகாணி. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. நம் முன்னோர் பின்னத்துக்குச் சூத்திரம் சொல்லவில்லை, பெயர் வைத்தனர். திண்ணைப் பள்ளிச் சிறுவன் எண்சுவடியில் அவற்றை நாவால் பழகினான். களத்து மேட்டில் கண்ணால் கண்டான். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு காசு என்னும் முறை வந்தது. பதினாறு அணாக் கணக்கு போயிற்று. அதனுடன் வீசமும் மாகாணியும் பேச்சிலிருந்து மெல்ல நழுவின. கால், அரை, முக்கால் ஆகிய மூன்றும் மட்டும் நம் நாவில் தங்கின. ஒருவேளை அதனால்தான், நம் பிள்ளைகள் காலையும் அரையையும் கண்டு அஞ்சுவதில்லை. ஐந்தில் இரண்டு என்றதும் அஞ்சுகின்றனர்.

இன்று அவர்கள் புழங்கும் கணக்குச் சொற்கள் பல, கடந்த நூற்றாண்டில் அறிஞர் பலர் உழைத்து ஆக்கியவை. 1916-இலேயே சேலத்தில் இராஜாஜி முதலானோர் தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கம் அமைத்தனர். நாம் 'பகா எண்' என்பதை இலங்கைத் தமிழர் 'முதன்மை எண்' என்பர்; நாம் 'மீச்சிறு பொது மடங்கு' என்பதை அவர்கள் 'பொது மடங்குகளுட் சிறியது' என்பர். சொல் வானத்திலிருந்து விழுவதன்று, மனிதர் கூடிச் செய்வது என்பதற்கு இவை சான்று. செய்த சொல்லைப் பிள்ளையின் நாவில் பழக்குவதும் மனிதர் செய்யவேண்டிய வேலையே.

நம் நாட்களில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. பிள்ளை பள்ளியில் 'சப்ட்ராக்ஷன்' என்கிறது. தெருவில் 'மைனஸ்' என்கிறது. பாட்டி 'போக மீதி' என்கிறார். தமிழ்ப் புத்தகம் 'கழித்தல்' என்கிறது. நான்கும் ஒன்றே என்று யாராவது ஒருவர் ஒரு முறையாவது சொல்லியிருக்கிறோமா? சொல்லாதவரை அவை பிள்ளைக்கு நான்கு தனித்தனிச் சுமைகளே. நல்ல சொற்கருவி ஒன்று செய்யக்கூடிய பெரும் பணி இதுதான்: நான்கையும் ஒரே படத்தின்கீழ் வைத்து, நான்கும் ஒலிக்கச் செய்வது.

சாலையின் முடிவில்

திருவொற்றியூரைத் தாண்டினால் சாலையின் இருமருங்கும் ஆலைச் சுவர்கள். இப்பகுதியில்தான் மாமன் மாப்பிள்ளை 1946-இல் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். அது பின்னர் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. 1950-களில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை வந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட். அவற்றின் சுவர்களுக்குள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் உறுப்பு பொருந்தாது. சுவருக்கு வெளியே குடியிருக்கும் பிள்ளை 'விட்டம்' என்றால் பழைய வீட்டின் கூரை தாங்கும் மரம் என்று மட்டும் அறிந்து வளர்ந்தால், வாயிற்கதவு அவனுக்கு எப்படித் திறக்கும்? வட்டத்தின் நடுவே போடப்பட்ட உத்தரமே விட்டம் என்று எட்டு வயதில் ஒருவர் சொல்லிவைத்தால், பதினெட்டு வயதில் தொழிற்பயிற்சி நிலையத்தில் அவன் தலைகுனிய வேண்டியதில்லை.

சாலையில் நிற்கும் கண்டெய்னரைப் பாருங்கள். சிறியது 20 அடி நீளம், 8 அடி அகலம், எட்டரை அடி உயரம். பெருக்கினால் 1,360 கன அடி. கொள்ளளவு என்னும் சொல்லுக்கு இதைவிடப் பெரிய பாடப்பொருள் எந்தப் பள்ளியிலும் இல்லை. எண்ணூரில் 2001-இல் திறக்கப்பட்டு, இன்று காமராசர் பெயரைத் தாங்கும் துறைமுகத்தை நோக்கி அது நாள்தோறும் நம் பிள்ளைகளின் வாசல் வழியேதான் போகிறது.

கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் கழிமுகத்தில் சாலை முடிகிறது. அனல் மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய்ப் படலமும் அந்நீரை நம்பி வாழ்வோரைப் பெரிதும் வருத்தின. இழப்பீடு, நிவாரணம் என்று படிவங்கள் வரும்போது, அதில் எழுதியிருக்கும் விழுக்காடும் தொகையும் விளங்காதவர், காட்டிய இடத்தில் கையொப்பம் இடுவதைத் தவிர வேறு என்ன செய்வார்?

இதனினும் நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று. நம் தெருக்களில் 'தண்டல்' வாங்காத குடும்பம் குறைவு. பத்தாயிரம் கடன் என்பர். கையில் தருவது 8,500. நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டவேண்டும். கடும் வட்டியைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. ஆயினும் தண்டல்காரர் வருகை நின்றபாடில்லை. "கையில் வாங்கியதற்கும் கட்டியதற்கும் வேறுபாடு எவ்வளவு அம்மா?" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்குமானால், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அந்த வீட்டில் முதல்முறையாகப் பெயர் பெறும். நூலில் அளந்த மூன்று முழத்தில் கற்ற சொல் அது. அச்சொல்லுக்கு உள்ள விலை இதுவே.

அன்பார்ந்த பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! கருவியை ஒதுக்கவேண்டாம். தவறாக உச்சரிக்காத, சலிப்படையாத, நூறு முறை கேட்டாலும் சினம் கொள்ளாத குரல் அது. கூட்டம் மிகுந்த வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைக்கு அது பெருந்துணை. ஆனால் மணி ஒலித்துவிட்டதால் சொல் விளங்கிவிட்டது என்று நம்பிவிட வேண்டாம். திரையை மூடிவிட்டுக் கேளுங்கள். கடையில் கேளுங்கள், மீன் கூறின் முன்னால் கேளுங்கள், பூ முழம் போடுமிடத்தில் கேளுங்கள். பிள்ளையின் வீட்டுச் சொல்லை முதலில் கேட்டுவிட்டுப் பள்ளிச் சொல்லை அதன் அருகே வையுங்கள். எழுத்தறியாத தாய்க்கும் இதில் இடம் உண்டு, "மீதி எவ்வளவு?" என்று அவர் கேட்கும்போது, "பள்ளியில் இதற்கு என்ன பெயர்?" என்று இன்னொரு கேள்வியைச் சேர்த்தால் போதும். கருவியைச் சோதிக்க இதைவிட நல்ல கூடம் இல்லை.

அந்த மாலை வகுப்பில் இப்போது நாற்பத்தொன்றாவது சொல் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் தாமாகக் கேட்டு வாங்கிய சொல் அது: 'கூறு'. படத்தில் மீன்கள் நான்கு கூறாகக் கிடக்கின்றன. குரல் காசிமேட்டுச் சிறுமி ஒருத்தியினுடையது.